தலையில் கை வைக்கும் வகுப்பு

எங்கள் அண்ணி இருக்கிற அறையில் உட்கார்ந்து யாரும் நிம்மதியாக ஒரு மாத்திரைப் பெட்டியைக்கூடப் படித்துவிட முடியாது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பொழுது போகாமல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"என்ன படிச்சே?" என்றாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடணுமாம்."

"ஏன் சாப்பாட்டுக்கு அப்புறம்?"

"அதெல்லாம் இதுல போடலை அண்ணி."

"போடலைன்னா என்ன? வெறும் வயித்துல போட்டா என்ன ஆகும், நீயே யோசி."

காய்ச்சல்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். "ஊகிக்கலாம்ல?" என்று போர்வைக்கு வெளியே குரல் கேட்டது.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஏ பிரிவுக்கு அவள்தான் டீச்சர். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'ஏன் டீச்சர்'. நான் அவளுக்கு நாத்தனார். மாடியில் அவர்கள் வீடு, கீழே என் தையல் கடை. நாத்தனார் எழுதுகிற அண்ணி கதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

அவள் வகுப்பு நடத்துகிற விதமே தனி. ஒரு கதையை எடுத்தால் பக்கத்தின் கீழ்ப்பாதியை அட்டையால் மூடச் சொல்வாள். மேல்பாதியைப் படித்ததும், "இனிமே என்ன நடக்கும்?" என்பாள். ஆளுக்கொன்று சொல்வார்கள். அட்டையை எடுத்த பிறகு, யார் சொன்னது நடந்தது, யார் சொன்னது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று பெரிய வழக்கே ஓடும். அதைவிட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. படிக்கும்போது மனசுக்குள் படம் ஓட வேண்டும். ஒரு வரி புரியாமல் படம் நின்றுபோனால், புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மேலே போகக்கூடாது. கையைத் தலைமேல் வைத்து, "அறுந்துபோச்சு டீச்சர்" என்று சொல்ல வேண்டும். உடனே எல்லாரும் படம் எந்த வரிவரை நன்றாக ஓடியதோ அங்கே திரும்பிப் போய் மறுபடி படிப்பார்கள்.

தலைமையாசிரியர் முதன்முதலாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது வகுப்பு மொத்தமும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். யாருக்கு என்ன ஆச்சோ என்று மனிதர் பதறியடித்து உள்ளே ஓடிவந்தாராம்.

"ஒண்ணுமில்ல சார். நங்கூரம்னா என்னன்னு யாருக்கும் தெரியலை" என்றாளாம் அண்ணி.

பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொல்லியிருக்கிறாள். பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், சும்மா சும்மா திருத்தாதீர்கள், நடுவில் நிறுத்தி 'என்ன தெரியுது, இனிமே என்ன ஆகும், அவன் ஏன் அப்படிச் செஞ்சான்' என்று கேளுங்கள். பெற்றவர்கள் கேட்டார்களோ இல்லையோ, பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற அம்மாக்கள் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். ஒருத்தி வீட்டில், ஆபீசிலிருந்து வர நேரமாகும் என்று அப்பா போனில் சொன்னதும், பையன் ரிசீவரை வைத்துவிட்டு, "இனிமே அம்மா கத்துவாங்க" என்றானாம். அவள் கத்தினாளாம். "பார்த்தியா, நான் ஊகிச்சது சரி" என்று துள்ளிக் குதித்தானாம். இன்னொரு வீட்டில், விருந்தாளி கிளம்பும்போது, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்று அம்மா சொல்ல, மகள் தலையில் கை வைத்துவிட்டாள். காலையில் அதே அம்மா 'எப்பத்தான் கிளம்புவாங்களோ' என்று முணுமுணுத்தது ஒரு பக்கம், இப்போது சொல்வது ஒரு பக்கம். படம் அறுந்துபோகாமல் என்ன செய்யும்?

இவ்வளவு ஊரைத் திருத்துகிறவளுக்கு வீட்டில் மட்டும் பருப்பு வேகவில்லை. காரணம் என் அண்ணன்.

அண்ணனுக்கு ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. அச்சுக்குப் போகுமுன் எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தப்பைத் திருத்துவது. பொருளைக் கவனித்தால் கண் ஏமாந்துவிடும் என்பான். தப்பாக இருக்கிற எழுத்தைக்கூட மனசு சரியாகப் படித்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் பொருளின் பக்கமே போகாமல் படிப்பதுதான் அவன் தொழிலுக்கு அழகு. மாலையில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பான்.

"என்னங்க, பேப்பர்ல என்ன?" என்பாள் அண்ணி.

"எட்டாம் பக்கத்துல ரெண்டு தப்பு."

இவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் மூச்சு விடாமல், ஒரு எழுத்து பிசகாமல், மணி மணியாக வாசித்துவிடுவாள். அப்பன் வார்ப்பு. டீச்சர் பிள்ளை டீச்சர் வகுப்பிலேயே இருக்கக்கூடாது என்பது பள்ளிக்கூட வழக்கம் என்பதால் பி பிரிவில் போட்டிருந்தார்கள். அங்கே வேகம்தான் எல்லாம். கேட்க வேண்டுமா?

தினமும் சாயங்காலம் அண்ணி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதைப் புத்தகத்தைக் கொடுப்பாள். நாலு வரி போனதும் நிறுத்துவாள். "கண்ணை மூடு. என்ன தெரியுது?"

"எழுத்து தெரியுதும்மா."

"எழுத்தை விடு. அந்தச் சிங்கம் எங்கே நிக்குது?"

"ரெண்டாவது வரியில."

கீழே மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அண்ணிக்குச் சிரிப்பு வராது. ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஓடுகிற படம் தன் பிள்ளைக்கு மட்டும் ஓடவில்லையே என்ற குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொன்னதில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

தலைமையாசிரியருக்கு இந்த அறுந்துபோகிற சமாசாரம் கடைசிவரை பிடிக்கவில்லை. அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஒரு நிமிஷத்தில் ஒரு பக்கம் படிக்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை என்பது அவர் கட்சி. ஒருநாள் அண்ணியைக் கூப்பிட்டு, வாசிப்புச் சோதனை வைக்கப்போவதாகவும், ஏ பிரிவு பின்தங்கினால் அவளை வகுப்பிலிருந்து எடுத்து ஆபீசில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளையும் பி பிரிவு டீச்சரிடமே ஒப்படைத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அண்ணி நேராக மாடிக்குப் போகவில்லை. என் கடைக்கு வந்து, இஸ்திரி மேசைப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வகுப்பை எடுத்துடுவாங்களாம்" என்றாள்.

"ஏனாம்?" என்று நான்தான் கேட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டே இருந்தாள். கேள்வி கேட்காத அண்ணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சோதனையன்று வகுப்பு டீச்சர்கள் உள்ளே இருக்கக்கூடாது, வெளியாட்கள்தான் நேரம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏ பிரிவுக்குத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சொந்தக்காரி ஆயிற்றே என்று யாரோ முணுமுணுத்ததற்கு, "நாத்தனார்தானே, ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்றாராம். நம்மைப் பற்றி ஊர் வைத்திருக்கிற மரியாதை அது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, மேசைமேல் இருக்கும் தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் முடிக்காவிட்டால், முடிக்கவில்லை என்று நான் எழுத வேண்டும். முதலில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் வந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

"தபால்காரர் ஒருவர் குடையோடு நடந்து வந்தார். பலத்த காற்று அடித்தது. குடை அவர் கையைவிட்டுப் பறந்துபோய் மரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் ஓர் ஏணி கொண்டுவந்து மரத்தில் ஏறினார். அதை மெதுவாகக் கீழே இறக்கினார். அது பசியோடு இருந்தது. தட்டில் ஊற்றிய பாலை நக்கிக் குடித்தது..."

படித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். கை தலைக்குப் போனது.

"அறுந்துபோச்சு" என்றாள்.

"படி கண்ணு, நேரம் போகுது" என்றேன். நானோ வாட்சிலேயே கண்ணாக இருந்தேன். தபால்காரர் வந்ததையும் கவனிக்கவில்லை, குடை போனதையும் கவனிக்கவில்லை.

அவள் முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். மறுபடி படித்தாள். மறுபடி பாலிடம் வந்து நின்றாள். "குடை எப்படிங்க பால் குடிக்கும்?" என்று என்னையே கேட்டாள். அப்போதுதான் தாளை வாங்கிப் பார்த்தேன். குடை பாலைக் குடித்துவிட்டு, வாலை ஆட்டியபடி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துத் தூங்கியும் விட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் நிமிஷம் முடிந்துவிட்டது.

அடுத்து வந்த பிள்ளையும் அங்கேயே நின்றது. அதற்கடுத்ததும் அங்கேயே. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன் மட்டும், குடைக்குள் ஏற்கெனவே ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அதைத் தபால்காரர் நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று கண்டுபிடித்தான். அதை எனக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவன் நிமிஷமும் போய்விட்டது. ஒரு பிள்ளைகூட முடிக்கவில்லை. முடிக்கவில்லை, முடிக்கவில்லை என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்துபோனது.

பி பிரிவில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். ரேடியோ அரை நிமிஷத்துக்குள்ளேயே முடித்து முதலிடம். நடந்தது என்னவென்றால், மூன்றாம் வகுப்புக் கதையின் பின்பாதியும் நாலாம் வகுப்புக் கதையின் பின்பாதியும் அச்சில் இடம் மாறிவிட்டன. நாலாம் வகுப்பில், சாக்கடையிலிருந்து தூக்கிய நாய்க்குட்டியை விரித்துப் பார்த்தபோது ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்ததாம். அங்கேயும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லப் போன எங்கள் முன்பல் பையனை, "படிக்கத் தெரியாதவங்க தாளைக் குறை சொல்லக்கூடாது" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் அண்ணி கையில் தாளைக் கொடுத்தேன். படித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் வேலை பார்க்கிற அச்சகம்.

"அண்ணி, இப்பவே போய்ச் சொல்லுங்க. தாளே தப்பு, எங்க பிள்ளைங்க நின்னதுதான் சரின்னு."

"யார் புரூஃப் பார்த்தாங்கன்னு கேப்பாங்களே. உங்க அண்ணன் வேலை என்னாகும்?"

ஒரு பக்கம் இவள் வகுப்பு, இன்னொரு பக்கம் என் கூடப்பிறந்தவன். அந்த நேரத்தில் என் அண்ணன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரே இருந்திருந்தால் தையல் கத்தரியாலேயே மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். அண்ணி தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பெற்றோர் கூட்டத்தில் அவளை ஆபீசுக்கு மாற்றுவதாக அறிவிப்பார்கள், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ளப் போகிறாள், அவ்வளவுதான்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ரேடியோ உர்ரென்று வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, ஏ செக்‌ஷன்காரங்க கேலி பண்றாங்க. குடை வாலை எப்படி ஆட்டுச்சுன்னு கேட்டு கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் ஒரு தப்புகூட விடலை."

"தப்பு விடலை, சரி. குடை என்ன ஆச்சு?"

"எந்தக் குடை?"

"அடிப்பாவி, நீ படிச்ச கதையில வந்த குடைதான்."

"நான் கவனிக்கலை அத்தை. படிச்சுக்கிட்டு இருந்தேன்ல."

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பெற்றவர்கள் நாற்காலிகளில், ஏ பிரிவுப் பிள்ளைகள் முன்னால் தரையில். கடைசி வரிசையில் அண்ணி, அவள் பக்கத்தில் நான். அண்ணன் அச்சகத்திலிருந்து நேரே வந்து, மகள் முதலிடம் என்று கேள்விப்பட்டு, முதல் வரிசையில் போய் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மற்றதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

"சில வகுப்புகளிலே கேள்வி கேட்டே காலத்தைக் கழிக்கிறாங்க" என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "அதைப் பத்தி ஒரு முடிவு சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி, உண்மையான வாசிப்புன்னா என்னன்னு நீங்களே கேளுங்க." ரேடியோவை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி, தாளைக் கையில் கொடுத்தார். ஸ்டாப்வாட்ச் 'டிக்' என்றது.

ரேடியோ பொரிந்து தள்ளினாள். தபால்காரர் வந்தார், காற்று அடித்தது, குடை பறந்தது, ஏணி வந்தது. பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். குடைக்குப் பசித்தது. அப்போதும் தலையாட்டினார்கள். அண்ணி குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டில் ஊற்றிய பாலை..."

குரல் நின்றது. பிறந்ததிலிருந்து நடுவாக்கியத்தில் நிற்காத குரல் அது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். அவள் தாளைப் பார்க்கவில்லை. எங்கோ மேலே, காற்றாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் வலது கை மேலே போய்த் தலையில் உட்கார்ந்தது.

"அம்மா, அறுந்துபோச்சு."

மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது.

"படிம்மா, படிம்மா, நேரம் ஓடுது" என்றார் தலைமையாசிரியர்.

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் வேலை, ஆபீஸ் நாற்காலி, எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன். கடைசி வரிசையிலிருந்து, தினமும் சாயங்காலம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"என்ன தெரியுது கண்ணு?"

"குடை தெரியுதும்மா! கறுப்புக் குடை. நாக்கை நீட்டிப் பால் குடிக்குது. ஆனா குடைக்கு நாக்கு ஏதும்மா?"

தரையில் உட்கார்ந்திருந்த ஏ பிரிவுப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையில் கை வைத்தார்கள். முன்பல் பையன் எழுந்து நின்று, "அடுத்து வால் வருது பாரு!" என்று கத்தினான். அதற்குப் பிறகு கூடத்தை அடக்க யாராலும் முடியவில்லை. நாற்காலிகள் ஆடிப்போகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"இந்தத் தாளுக்கு யார் புரூஃப் பார்த்தது?" தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது.

அண்ணன் எழுந்தான். ஓடி ஒளியத் தெரியாதவன்.

"நான்தான் சார். ஒரு எழுத்து தப்பு காட்டுங்க, நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

கூடம் மறுபடி வெடித்தது. அண்ணனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. கோபம் வந்துவிட்டது. "என்னை மட்டும் கேக்குறீங்களே சார், நீங்களும்தானே கடைசியாப் படிச்சுட்டு, 'படித்தேன், அச்சிடலாம்'னு கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க?" என்றான்.

தலைமையாசிரியர் ரேடியோவின் கையிலிருந்து தாளை வாங்கினார். உதடு அசைய, வரி வரியாக, மெதுவாகப் படித்தார். அன்றைக்குத்தான் முதல்முறை படிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கழுத்தில் வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் குடை தூங்கிய இடத்துக்கு வந்ததும், அவர் கையும் தானாகத் தலைக்குப் போனது. வகுப்பு முறைப்படி வைத்தாரா, வழக்கமாக மனிதர்கள் வைக்கிற மாதிரி வைத்தாரா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் விவாதம் உண்டு.

அவர் சொல்லவிருந்த முடிவை அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது வேறு. அச்சகத்து முதலாளி, கையெழுத்துப் போட்டவரே பேசாமல் இருக்கும்போது நமக்கென்ன என்று விட்டுவிட்டார். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அந்தத் தாளை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டுக் கதையைப் படித்துப் பார்த்தான் போலிருக்கிறது. மாடியில் தனியாக அவன் சிரிக்கிற சத்தம் கடைவரை கேட்டது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பிய அன்றைக்கே அண்ணி வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் கடைப் பக்கம் போகாமல் மேலே போய் உட்கார்ந்தேன். ரேடியோ படிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒருமுறை நின்றாள். சிங்கம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, அதன் பிடரியில் முள் ஒட்டியிருக்கிறதா, அதற்குத் தண்ணீர் தாகமா, வெறும் கோபமா என்று தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நடுவில் நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அம்மா ஏன் அழறாங்க?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். அன்றைக்கு ஒரு நாள் அவள் வேலையை நான் பார்த்தேன்.

"அதெல்லாம் எங்கேயும் போட்டிருக்காது கண்ணு. நீயே யோசி."

ரேடியோ யோசித்தாள். தலையில் கை வைக்கவில்லை. புத்தகத்தை மூடாமல், அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் சிங்கம் தெரிஞ்சிருச்சுல்ல, அதான்."